தள்ளுகோல்



கரும்புச் சாறு பிழியும் கடையின் முன் நீங்கள் எல்லோரும் நின்றிருப்பீர்கள். கடைக்காரர் கரும்பை உருளைகளுக்கு இடையே செலுத்துகிறார். கரும்பு உள்ளே சென்றுகொண்டேயிருக்கிறது. முடிவில் ஒரு சாண் நீளம் எஞ்சி நிற்கிறது. அந்த ஒரு சாணை அவர் விரலால் தள்ளுவதில்லை. அடுத்த கரும்பை எடுத்து, அதன் நுனியால் முந்தைய கரும்பின் வாலைத் தள்ளிவிடுகிறார். வீட்டிலே பழச்சாறு எடுக்கும் மின்கருவியைப் பாருங்கள். காரட்டையோ ஆப்பிளையோ உள்ளே அழுத்துவதற்கென்று ஒரு தள்ளுகட்டையை அதனுடனேயே வைத்துத் தருகிறார்கள். கை செல்லத்தகாத இடத்திற்கு ஒரு கட்டையை அனுப்புவது என்னும் இந்த எளிய கருத்துத்தான் இன்று நான் பேசப் புகுந்த பொருள். தச்சுப் பட்டறையில் இதற்குத் தள்ளுகோல் என்று பெயரிடுவோம். மேசை ரம்பத்தில் பலகை அறுக்கும்போது, பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் இக்கோலால் தள்ளுதல் வேண்டும். இது எத்தகைய பொருள், ஏன் வேண்டும், எவ்வாறு செய்வது என்பவற்றைக் காண்போம்.

நான் வாழும் பழனிசெட்டிபட்டி தேனியை ஒட்டிக் கம்பம் செல்லும் சாலையில் முல்லையாற்றின் அருகே அமைந்த ஊர். ஆற்று நீர் பாயும் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கண்டு இது முற்றிலும் உழவர் ஊரென்று வழிப்போக்கர் எண்ணக்கூடும். ஆயினும் இப்பள்ளத்தாக்கின் சாலையோரங்களில் மரத்தொழிலின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். கதவும் சன்னலும் செய்யும் பட்டறைகள் ஒருபுறம். தக்காளிக்கும் பழங்களுக்கும் பெட்டி அடிப்போர் மறுபுறம். மேலே மலைத் தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாகவும் மிளகுக் கொடி படர்வதற்குத் துணையாகவும் வளர்க்கப்பெறும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இம்மலைகளில் குடியேறியது. எடை குறைவானது, எளிதில் அறுபடுவது. அது பெட்டிச் சட்டங்களுக்கு உகந்த மரம். பெட்டிச் சட்டம் என்றால் என்ன? இரண்டு விரல் அகலமுள்ள மெல்லிய பலகை. அகலம் குறையக் குறைய அதைத் தள்ளும் விரலுக்கும் ரம்பத்தின் பல்லுக்கும் இடையேயுள்ள தூரமும் குறைந்துகொண்டே வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கைரம்பத்திற்கும் மேசை ரம்பத்திற்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை நோக்குவோம். இது பலரும் கவனியாத ஒன்று. கைரம்பத்தால் அறுக்கும்போது மரம் அசையாமல் இருக்கிறது, ரம்பம் நகர்கிறது. ரம்பத்தைப் பிடித்த கை எப்போதும் பற்களுக்குப் பின்னே கைப்பிடியில் இருக்கிறது. முற்காலத்தில் பெரிய மரங்களைக் குழி வெட்டி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட வாளால் அறுத்தார்கள். அங்கும் இருவர் கைகளும் வாளின் இரு முனைகளிலேயே இருந்தன. மேசை ரம்பத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. மேசையின் நடுவே ஒரு பிளவு வழியாக வட்ட ரம்பம் மேலெழுந்து சுழன்றுகொண்டிருக்கிறது. அது இடம் பெயர்வதில்லை. மரமே அதனிடம் செல்லுதல் வேண்டும். மரத்தைக் கொண்டு செல்வது யார்? கை. ஆக, ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் மனிதன் தன் கையைத் தானே ரம்பத்தை நோக்கி நடத்திச் செல்கிறான். பலகை நீளமாக இருக்கும்வரை கை தொலைவில் இருக்கிறது. பலகை முடியும் தறுவாயில் கை ரம்பத்தின் வாயிலில் நிற்கிறது.

வட்ட ரம்பம் புதிய பொருளன்று. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் 1777 ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிக்கப்பெற்றுள்ளது. கப்பல்களுக்கு வேண்டிய கப்பிகளைச் செய்யும் தொழிலில் அவ்வூரார் இதனைப் பயன்படுத்தினர். அன்று அதைச் சுழற்ற நீரும் காற்றும் நீராவியும் உதவின. இன்று மின்சாரம் சுழற்றுகிறது.

எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம், நீங்கள் மாணவர்களாயிற்றே. குறுக்களவு 25 சென்டிமீட்டர் உள்ள ரம்பம் ஒன்று நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 78 அரை சென்டிமீட்டர். ஒரு நொடிக்கு 50 சுற்று. எனவே ரம்பத்தின் விளிம்பு ஒரு நொடியில் 39 மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. மணிக்கு 141 கிலோமீட்டர்! தேனியிலிருந்து கம்பம் செல்லும் எந்தப் பேருந்தும் இவ்வேகத்தைக் கண்டதில்லை. அந்த ரம்பத்தில் 40 பற்கள் இருந்தால் ஒரு நொடியில் 2,000 பற்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. ஒன்றைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கேனும் வேண்டும். அதற்குள் 400 பற்கள் கடந்துவிடும். “நான் கவனமாகத்தான் இருப்பேன், பட்டவுடன் கையை எடுத்துவிடுவேன்” என்று சொல்லும் இளைஞரிடம் இக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொரு வகை ரம்பமும் இப்போது ஊர்தோறும் காணப்படுகிறது. சலவைக்கல் வெட்டுவதற்கென்று வந்த சிறு கைக்கருவியை, மரம் அறுக்கும் சக்கரம் பூட்டி, ஒட்டுப்பலகை ஒன்றின் அடியில் தலைகீழாகத் திருகி, மேசை ரம்பமாக ஆக்கிவிடுகிறார்கள். செலவு குறைவு; வேலை நடக்கும் இடத்திற்கே தூக்கிச் செல்லலாம். சக்கரம் உள்ளங்கை அளவே இருப்பதால் பார்வைக்கு விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும். ஆனால் 110 மில்லிமீட்டர்ச் சக்கரம் நிமிடத்திற்கு 12,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை நெருங்குகிறது. பெரிய ரம்பத்தைவிடச் சிறியது வேகமானது! அதன் மேல் மூடியும் இல்லை, பின்னே காப்பும் இல்லை. இத்தகைய அமைப்பை நான் ஏற்பதில்லை. எனினும் அது வழக்கில் இருக்கிறது என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

வேகம் ஒன்றே அபாயம் என்று எண்ணிவிடாதீர்கள். மற்றொன்று அதனினும் வஞ்சகமானது. ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலெழுந்து, அறுப்பவரை நோக்கி வருகின்றன. அறுபட்ட பலகை தன் உள்ளிறுக்கத்தால் வளைந்து, அறுத்த பிளவு மூடிக்கொண்டாலும், பலகை பக்கத்துச் சட்டத்திற்கும் ரம்பத்தின் பின்புறத்திற்கும் இடையே கோணலாகச் சிக்கிக்கொண்டாலும், அந்த மேலெழும் பற்கள் பலகையைப் பற்றித் தூக்கி, அறுப்பவர்மேல் எறிந்துவிடுகின்றன. இதை எதிருதை என்று கூறலாம். மார்பிலோ வயிற்றிலோ பலகை தாக்குவது ஒரு தீங்கு. இன்னொரு தீங்கை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஒரு பலகையின்மேல் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டிருக்கிறார். திடீரென்று அந்தப் பலகை கையின் கீழிருந்து மறைந்துவிடுகிறது. ஊன்றிய கை எங்கே விழும்? பலகை இருந்த இடத்தில், அதாவது ரம்பத்தின்மேல் விழும். கவனக்குறைவால் மட்டுமே விரல் போகிறது என்று கூறுவோர் இதை அறியார். கவனமாகத் தள்ளிய கையும் இவ்வாறு விழும். ஆகையால்தான் கைக்கும் ரம்பத்திற்கும் இடையே எப்போதும் ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்கிறோம்.

இவ்வுண்மையைச் சட்டம் இயற்றுவோர் அறிந்திருந்தனர். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் 1950 இல் சென்னை மாநிலத்தில் வகுக்கப்பெற்ற விதிகளில், மரவேலை இயந்திரங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. வட்ட ரம்பத்தின் பின்னே அறுத்த பிளவு மூடாதபடி பிளவுக்கத்தி ஒன்று இருத்தல் வேண்டும். மேலே மூடி வேண்டும். வேண்டாத அபாயம் நேராவண்ணம் வேலை செய்வதற்குத் தள்ளுகோலோ வேறு தக்க சாதனமோ ஒவ்வொரு ரம்பத்தின் அருகிலும் வைத்தல் வேண்டும் என்பது அவ்விதிகளின் கருத்து. சட்டப் புத்தகத்தில் இடம் பெற்ற குச்சி இது! ஆனால் அச்சட்டப்படி, மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேரேனும் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020 ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபதாக்கிற்று. ஒரு தச்சரும் அவருடைய மைத்துனரும் ஓர் உதவிப் பையனும் வேலை செய்யும் நம் சாலையோரப் பட்டறை இக்கணக்கில் வருவதில்லை. அங்கே ஆய்வாளர் வந்து “தள்ளுகோல் எங்கே?” என்று கேட்கப்போவதில்லை.

போன விரலுக்கும் சட்டத்தில் கணக்கு உண்டு. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், எந்த உறுப்பை இழந்தால் சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை விழுக்காடு குறையும் என்று எழுதிவைத்திருந்தனர். கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆட்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒவ்வொன்றும் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. கட்டைவிரல் ஒன்றே ஆட்காட்டி விரலினும் இரு மடங்குக்கு மேல் மதிக்கப்பட்டிருப்பதைக் காண்க. ஏகலைவனிடம் எந்த விரலைக் கேட்க வேண்டும் என்று அவனுடைய ஆசான் நன்றாகத்தான் அறிந்திருந்தார்! எழுதுகோலைப் பிடிக்கவும் உளியைப் பிடிக்கவும் கட்டைவிரல் மற்ற நான்கையும் எதிர்கொண்டு நிற்றல் வேண்டும்.

என்னிடம் ஆறாம் வகுப்பில் பயின்ற ஒருவர் இப்போது நல்ல தச்சர். ஒருநாள் வீட்டுக் கதவின் தாழைச் சரிசெய்ய வந்தார். திருகாணியை எடுக்கும்போது ஆட்காட்டி விரலை விட்டுவிட்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் எடுத்தார். கேட்டபின்தான், ஆட்காட்டி விரலில் ஒரு கணு இல்லை என்பதைக் காட்டினார். “வலி இல்லை ஐயா. சட்டைப் பொத்தான் போடத்தான் நேரமாகிறது” என்றார். எந்த வேலையில் நேர்ந்தது என்றேன். “முக்கால் அங்குலச் சட்டம் ஐயா. கடைசித் துண்டு. அன்றைக்கு அறுபது அறுத்துவிட்டேன்” என்றார். அறுபது முறை தப்பிய கை அறுபத்தோராம் முறை தப்பவில்லை. அவரிடம் அன்று தள்ளுகோல் இருந்ததா என்று கேட்டேன். ஏதோ ஒரு துண்டுக் குச்சி கிடந்தது என்றும், அது கைக்கு வாகாக இல்லாததால் எடுப்பதில்லை என்றும் சொன்னார்.

கைக்கு வாகாக இல்லை! இச்சொல்லைக் கவனியுங்கள். பாதுகாப்புச் சாதனம் பட்டறையில் கிடந்தால் போதாது. கை அதைத் தானே விரும்பி எடுத்தல் வேண்டும். கூர்விளிம்பு உள்ளங்கையை அறுக்குமாயின், அல்லது மணிக்கட்டை வளைத்துப் பிடிக்க நேருமாயின், பத்தாவது பலகையில் அதைக் கீழே போட்டுவிடுவார்கள். ஆதலால் தள்ளுகோலில் வசதியும் பாதுகாப்பும் இரு வேறு குணங்கள் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்ற நாளில் கைத்தொழிலும் ஒரு பாடமாக இருந்தது. சுவீடன் நாட்டில் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் என்னும் கல்வியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிரியர்களுக்கு மரவேலை பயிற்றியதைப் பற்றி அப்போது படித்தேன். மாணவன் செய்யும் பொருள் காட்சிக்கன்றி வீட்டு வேலைக்குப் பயன்படுவதாக இருத்தல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பள்ளியில் தேர்வுக்காகச் செய்து பின்னர் அலமாரியில் தூங்கும் எத்தனையோ மரப்பொருள்களைக் கண்டவன் நான். தள்ளுகோல் அந்தக் கூட்டத்தில் சேராது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைச் செய்ய நீங்கள் மேசை ரம்பத்தின் அருகே போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. கைரம்பம், மர அரம், மூலைமட்டம், உப்புத்தாள் ஆகியவை போதும்.

தள்ளுகோலில் இரு வடிவங்கள் உண்டு. ஒன்று நீண்ட குச்சி வடிவம். 45 சென்டிமீட்டர் நீளமும், 4 சென்டிமீட்டர் அகலமும், ஒன்றரை சென்டிமீட்டர் அளவு கனமும் உள்ள சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நார் நீளவாக்கில் ஓட வேண்டும். கணு இருத்தல் கூடாது. அதன் ஒரு முனையில் பறவையின் வாய்போல ஒரு செங்கோணப் பிளவு வெட்டுங்கள். ஏன் செங்கோணம்? பலகையின் பின்விளிம்பைப் பாருங்கள். மேற்பரப்பும் பின்பரப்பும் செங்கோணத்தில் கூடுகின்றன. பிளவின் ஒரு பக்கம் மேற்பரப்பில் படிந்து பலகையைக் கீழே அழுத்தும். மறுபக்கம் பின்பரப்பில் படிந்து முன்னே தள்ளும். குச்சியை 45 பாகை சாய்வில் பிடிப்பதானால் பிளவு குச்சியின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்ததாக இருத்தல் வேண்டும். நீங்கள் உயரமானவராகவோ மேசை தாழ்வானதாகவோ இருந்து சாய்வு மாறினால், பிளவையும் அதற்கேற்பச் சற்றுத் திருப்பி வெட்டுதல் வேண்டும். வடிவியல் தேர்வுத்தாளுக்கு மட்டும் என்று யார் சொன்னது?

இந்தப் பிளவில் ஒரு நுட்பம். பின்னே இறங்கும் பக்கம் பலகையின் கனத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். கூடினால் அது மேசையில் முட்டிக்கொள்ளும், மேற்பக்கம் பலகையில் படியாது, அழுத்தமும் கிடைக்காது. 12 மில்லிமீட்டர்ப் பலகைக்கு 6 மில்லிமீட்டர் இறங்கினால் போதும்.

இக்குச்சி கையைத் தொலைவில் வைக்கிறது. அது அதன் பெருமை. ஆயினும் பலகையின் கடைக்கோடியை மட்டுமே தொடுவதால் பலகையின் முன்பகுதி மேலெழுவதை முற்றிலும் அடக்காது. அதற்கு இரண்டாம் வடிவம் சிறந்தது. அது செருப்பின் அமைப்பை உடையது. நீண்ட அடிப்பாகம் பலகையின்மேல் படுக்கிறது. பின்னால் குதிகால் ஒன்று இறங்கிப் பலகையைத் தள்ளுகிறது. மேலே பிடி எழுந்து நிற்கிறது. எனக்கு இதுவே பிடித்தது.

இதற்கு 18 மில்லிமீட்டர்க் கனமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டு வேண்டும். அறைகலன் செய்யும் எந்தப் பட்டறையிலும் கழிவாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். இங்கே மட்டும் தேக்கை விட்டு ஒட்டுப்பலகையை ஏன் நாடுகிறோம்? சாதாரண மரத்தில் நார் ஒரே திசையில் ஓடுகிறது. அடிப்பாகத்தின் நீளவாக்கில் நாரை வைத்தால் மேலெழும் பிடியும் கீழிறங்கும் குதிகாலும் குறுக்கு நாரில் அமைந்து, அழுத்தும்போது பட்டென்று பிளந்துவிடும். ஒட்டுப்பலகையிலோ ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கிற்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எத்திசையிலும் வலிமை ஏறத்தாழ ஒத்திருக்கும்.

அட்டையில் முதலில் வரையுங்கள். நீளம் 30 சென்டிமீட்டர், உயரம் 16 சென்டிமீட்டர். அடிக்கோட்டைப் பின்னிருந்து முன்னாக நேராக இழுங்கள். பின்முனையில் 2 சென்டிமீட்டர் நீளத்தைக் குதிகாலாக விட்டுவிட்டு, மீதி அடியை 5 மில்லிமீட்டர் மேலே தூக்கி வரையுங்கள். குதிகாலும் அடியும் கூடும் மூலை சரியான செங்கோணமாக இருக்கட்டும். பிடி பின்பக்கத்து மூன்றிலொரு பங்கிலிருந்து எழுந்து, சற்றுச் சாய்ந்து நிற்கட்டும். பிடியை நேர்மேலாக வைத்தால் தள்ள முடியும், அழுத்த முடியாது. படுக்கையாக வைத்தால் அழுத்த முடியும், தள்ளுவது கடினம். சாய்ந்த பிடியில் ஒரே விசை இரண்டு வேலையையும் செய்கிறது. விசையைக் கூறுகளாகப் பிரிக்கும் பாடத்தில் படித்தது இதுவே. கை நிற்கும் இடம் அடிக்கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். பலகையின் கனத்துக்கு மேல் ரம்பம் சிறிதளவே தலைநீட்டுமாறு வைத்து அறுப்பது முறையாதலால், இந்த உயரம் கைக்குப் போதிய காப்பு.

பிடியின் வடிவைக் காண்பதற்கு ஒரு வழி கூறுகிறேன். ஒரு குச்சியைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பி, தள்ளுவதுபோல் இறுகப் பிடித்து விடுங்கள். விரல் தடங்களும் உள்ளங்கையின் மேடும் அதில் பதிந்துவிடும். அதைப் பார்த்து அட்டையில் வரைந்தால் பிடி உங்கள் கைக்கு உரியதாகும். தடங்களை அப்படியே பள்ளமாக்கிவிட வேண்டாம். வேறொருவர் கைக்கு அது இடைஞ்சலாகும். பொதுவான வளைவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டை வடிவைப் பலகையில் வைத்துக் கோடிட்டு, நேரான பகுதிகளைக் கைரம்பத்தாலும் வளைவுகளை வளைவு ரம்பத்தாலும் அறுத்து, அரத்தால் சீர் செய்யுங்கள். 18 மில்லிமீட்டர்ப் பிடி கைக்கு மெலிது. அதன் இருபுறமும் 6 அல்லது 8 மில்லிமீட்டர்க் கனமுள்ள துண்டுகளைப் பசையிட்டு ஒட்டி, மறுநாள் வரை அழுத்தத்தில் வையுங்கள். மூன்று சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேற்பட்டோ கனம் வந்துவிடும். அது உள்ளங்கை நிரம்பும் அளவு. பிறகு பிடியின் எல்லா விளிம்புகளையும் அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்; விரலுக்கு எந்த மூலையும் தட்டுப்படக் கூடாது. அடிப்பாகத்தையும் குதிகாலின் உட்பக்கத்தையும் மட்டும் உருட்ட வேண்டாம். அங்கே கூர்மூலை வேண்டும். இல்லையேல் மெல்லிய பலகை நழுவும்.

கைரம்பத்தின் பிடிபோல விரல்கள் நுழையும் மூடிய வளையமாகச் செய்வோரும் உண்டு. நான் திறந்த பிடியையே விரும்புவேன். பலகை எதிருதை வாங்கும் கணத்தில் கை எளிதாக விடுபட்டு வர வேண்டும்.

ஆணியோ திருகாணியோ எங்கும் அடிக்காதீர்கள். தள்ளுகோல் என்றாவது ஒருநாள் ரம்பத்தில் படத்தான் செய்யும். மரம் மட்டும் இருந்தால் அது கடிபட்டுப் போகும், நட்டமில்லை. இரும்பு இருந்தால் ரம்பத்தின் பல் உடைந்து தெறிக்கும். இரும்புத் தள்ளுகோல் செய்து தரும்படி ஒருவர் பட்டறையில் கேட்டதைக் கேட்டிருக்கிறேன். உறுதி வேண்டும் என்பது அவர் எண்ணம். இங்கே உறுதியைவிட, விட்டுக்கொடுக்கும் குணமே வேண்டுவது. குதிகாலைத் தனித்துண்டாகப் பொருத்த நினைத்தால் மூங்கில் ஆணியும் பசையும் போதும். அடிப்பாகம் வழுக்கினால் பழைய மிதிவண்டி டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி ஒட்டலாம். ரம்பத்தின்மேல் செல்லும்படி பயன்படுத்தப்போகும் கோலுக்கு இது வேண்டாம்.

நம் பெட்டிச் சட்டம்போல் மிகக் குறுகிய துண்டுகளுக்கு 18 மில்லிமீட்டர்க் கனம் கூடுதல். பக்கச் சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் இடையே அது நுழையாது. அவற்றிற்கு 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் ஒன்று தனியே செய்து, பிடியில் மட்டும் கனமான துண்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள். அப்பிடித் துண்டுகள் பக்கச் சட்டத்தின் உயரத்துக்கு மேலே நிற்கும்படி அமைத்தல் வேண்டும்.

செய்து முடித்தாயிற்று. பயன்படுத்தும் முறையை, பட்டறையில் வேலை செய்யும் உங்கள் அண்ணன்மாருக்குச் சொல்லும் பொருட்டுக் கூறுகிறேன். பிரிட்டனில் தொழில் பாதுகாப்புத் துறையினர் தரும் வழிகாட்டுதல் ஒன்று நினைவில் வைக்க எளியது. 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த பலகையை அறுக்கும்போது தொடக்கம் முதலே தள்ளுகோல்; நீண்ட பலகையானால் கடைசி 30 சென்டிமீட்டருக்குத் தள்ளுகோல். தள்ளுவது எந்தத் துண்டை? ரம்பத்துக்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையே உள்ள துண்டை. அதுதான் சிக்கிக்கொள்ளும் துண்டு. அது ரம்பத்தின் பின்புறத்தை முற்றிலும் கடக்கும்வரை தள்ளிக்கொண்டே போதல் வேண்டும். பாதியில் நிறுத்துவது எதிருதையை அழைப்பதாகும். இடக்கை ரம்பத்தின் முன்னேயே நிற்கட்டும். ரம்பத்தைத் தாண்டி ஒருபோதும் செல்லலாகாது. ரம்பத்தின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்றல் வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, கையுறை ஆகிய எவையும் ரம்பத்தருகே ஆகா. கையுறை காக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல்லில் அது சிக்கினால் விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் கேஸ் என்பவர் 1999 இல் ஒரு புதுமை கண்டார். சதை பட்ட கணமே மின்குறிப்பால் அறிந்து, ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடிக்குள் ரம்பத்தை நிறுத்தும் அமைப்பு அது. அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் மேசை ரம்பத்தால் காயமுற்று மருத்துவமனைக்கு வருவதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆதலின் அப்புதுமையின் அருமை விளங்கும். அத்தகைய இயந்திரம் விலை மிக்கது. நம் சாலையோரப் பட்டறைகளுக்கு அது எப்போது வரும் என்று காத்திராமல், கழிவு ஒட்டுப்பலகைத் துண்டை இன்றைக்கே கேட்டு வாங்கலாம்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். பிடியில் ஒரு துளையிட்டு, ரம்பத்தை இயக்கும் பொத்தானுக்கு அருகில், வலக்கை எட்டும் இடத்தில், கொக்கியில் மாட்டுங்கள். மேசையின்மேல் போட்டால் அதிர்ச்சியில் நகர்ந்து ரம்பத்தில் போய் விழும். தரையில் போட்டால் மாலையில் கழிவுக் கட்டைகளோடு கூட்டி அள்ளிவிடுவார்கள். இதற்காகவே சிவப்போ மஞ்சளோ பளிச்சென்ற வண்ணம் பூசுதல் நல்லது. குதிகாலைப் பல் தின்று ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால் அதைப் பழுது பார்க்க வேண்டாம். வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, அட்டை வடிவை எடுத்து வேறொன்று வரையுங்கள். அட்டையைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தால் இரண்டாவது கோலுக்கு ஒரு மணி நேரம் போதும்; பசை உலரும் நேரம் தனி.